சளியில செவப்பா தெரியுறதெல்லாம் டிபி இல்ல: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் கேள்வி பதில்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், சுருக்கமா சிஎஃப், பொறப்புலேயே வர்ற ஜீன் கோளாறு, நுரையீரல்ல சளி கெட்டியா தேங்கி கிருமி சேந்துடும். நான் டாக்டர் இல்ல, வேலூர் பக்கம் சளி கல்ச்சர் (சளியில இருக்குற கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்) பாக்குற லேப்ல ரொம்ப வருஷம் வேலை பாக்குறவன். மருந்து அளவு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, மத்தது கேளுங்க.

நகரியிலேருந்து ஒரு அம்மா: அண்ணா, பையனுக்கு சிஎஃப். ரெண்டு மாசமா இருமல் கூடுது, எடை எறங்குது. இங்க சளி டெஸ்ட்ல ஏஎஃப்பி பாசிட்டிவ், சிபிநாட் நெகட்டிவ். நாளைக்கே டிபி மாத்திரை ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க, ஆரம்பிக்கலாமா?

அம்மா, பதறாதீங்க, ஆனா இதை விட்றாதீங்க. ஏஎஃப்பி பாசிட்டிவ்னா மைக்ரோஸ்கோப்ல ஒரு செவப்புக் குச்சி தெரிஞ்சுதுன்னு மட்டும்தான் அர்த்தம், டிபி கிருமியும் அப்படித்தான் தெரியும், அதோட ஒறவுக்கார கிருமிங்க இருக்கே, என்டிஎம்னு சொல்லுவோம், அதுவும் அச்சு அசல் அப்படியேதான் தெரியும், கண்ணால பாத்து பிரிக்கவே முடியாது. சிபிநாட் தேடுறது டிபி கிருமியோட ஜீனை மட்டும். மைக்ரோஸ்கோப்ல குச்சி தெரியுற அளவுக்கு கிருமி இருந்தும் சிபிநாட் நெகட்டிவ்னா, அதுவும் சிஎஃப் பிள்ளைக்குன்னா, மொதல்ல என்டிஎம்மைத்தான் சந்தேகப்படணும். நாளைக்கு டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, "சளிய கல்ச்சருக்கு அனுப்பி கிருமி பேரு வந்தப்புறம் முடிவு பண்ணலாமா சார்". லேப் சீட்டுல "சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்"னு கண்டிப்பா எழுதச் சொல்லுங்க, இந்தப் பிள்ளைங்க சளியில சூடோமோனாஸ்ங்கற வேற கிருமி நெறைய இருக்கும், அது கல்ச்சர் முழுக்க படந்து மத்ததை மூடிடும், தெரிஞ்சா நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி சளிய சுத்தம் பண்ணி போடுவோம். என்டிஎம்ல பல வகை இருக்கு, எம்.அப்செஸஸ்னா ஒரு வாரத்துக்குள்ளயே வளந்துடும், ஏவியம்னா பல வாரம் பிடிக்கும். டிபி மாத்திரைங்க அப்செஸஸை ஒண்ணும் பண்ணாது, ஆறு மாசம் வீணாப் போறப்ப நுரையீரல்தான் அடி வாங்கும்.

குடியாத்தம்: பொண்ணுக்கு ஒரு கல்ச்சர்ல அப்செஸஸ் வந்துடுச்சு. ஒடனே ஊசி போடணுமா?

ஒரு தடவை வந்ததை வச்சு மட்டும் பொதுவா ஆரம்பிக்க மாட்டாங்க. வேற வேற நாள் எடுத்த சளியில குறைஞ்சது ரெண்டு கல்ச்சர் வரணும், சிடி ஸ்கேன்ல மாத்தம் இருக்கணும், தொந்தரவும் இருக்கணும், வேற காரணம் இல்லன்னும் பாத்துக்கணும். சில பேருக்கு வந்துட்டு தானா போயிடும். ஆனா அந்த ரிப்போர்ட்ல உள்வகை என்னன்னு கேளுங்க. மசிலியன்ஸ்னா அசித்ரோமைசின் நல்லா கேக்கும். அப்செஸஸ் உள்வகைன்னா பெரும்பாலும் லேப்ல கிருமி மேல மருந்து வச்சு மூணாம் நாள் பாத்தா மருந்து கேக்குற மாதிரியே இருக்கும், 14ம் நாள் பாத்தா கேக்காது, அதனால 14 நாள் வரைக்கும் வச்சுப் பாத்த ரிப்போர்ட்டான்னு கேட்டு வாங்குங்க. இதை நெறைய பேரு கேக்கறதே இல்ல, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

சித்தூர்: இந்த என்டிஎம் கிருமி போர் தண்ணியிலேருந்தா வந்துச்சு?

எந்தத் தண்ணின்னு சொல்ல முடியாது சார், மண்ணு, டேங்க், பைப்போட உள்பக்க வழுவழுப்பு எல்லாத்துலயும் இருக்கும், குளோரினுக்கும் அவ்வளவா சாகாது. உங்க கையில இருக்கறது நெபுலைசர். அதைக் குழாத் தண்ணியில அலசி அப்படியே வைக்காதீங்க, கழுவுனப்புறம் கொதிக்க வைக்கிற பார்ட்டுங்கள அஞ்சு நிமிஷம் கொதிக்க வச்சு நல்லா காய விடுங்க.

பள்ளிப்பட்டு: எங்க பையனுக்கும் என் தங்கச்சி பொண்ணுக்கும் சிஎஃப். வர்ற கல்யாணத்துல ஒண்ணா இருக்கலாமா? பாட்டிக்கு இந்தக் கிருமி தொத்துமா?

ஆரோக்கியமா இருக்குற பாட்டிக்கு பொதுவா தொத்தாது, பாத்திரம் தட்டு பிரிச்சு வச்சு பிள்ளைய ஒதுக்காதீங்க. ஆனா சிஎஃப் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆறடி தள்ளி இருக்கணும், ஒரே ரூம்ல படுக்க விடாதீங்க. 2013ல இங்கிலாந்துல பாப்வொர்த் ஆஸ்பத்திரி சிஎஃப் நோயாளிங்ககிட்ட இருந்த அப்செஸஸ் கிருமியோட ஜீனைப் படிச்சுப் பாத்தப்ப, பல பேர்கிட்ட ஏறக்கொறைய ஒரே கிருமி இருந்துச்சு, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போயிருக்கும்னு அப்பதான் தெரிஞ்சுது. ஓபில காத்திருக்கறப்பவும் மாஸ்க் போட்டுத் தள்ளியே உக்காருங்க.

திருத்தணி: வாரம் மூணு நாள் அசித்ரோமைசின் மட்டும் தர்றோம், தொடரலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா இந்த வாரமே சிஎஃப் டாக்டர்கிட்ட சளி கல்ச்சர் பாக்கச் சொல்லுங்க. உள்ள என்டிஎம் இருந்து இந்த ஒரு மருந்து மட்டும் போனா கிருமி அதுக்குப் பழகிடும், அப்புறம் வைத்தியத்துக்கு நம்பியிருக்குற முக்கிய மருந்தே கை விட்டுப் போயிடும்.

குப்பம்: ட்ரீட்மெண்ட் எவ்வளவு நாள்?

நீளம்தான் தம்பி. அப்செஸஸ்னா மொதல்ல சில வாரம் ட்ரிப்ஸ்ல அமிக்காசினோட இமிபெனம் மாதிரி மருந்து, பெறவு மாத்திரையும் நெபுலைசர் அமிக்காசினும், கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாள்லேருந்து 12 மாசம் வரைக்கும். அமிக்காசின் காதையும் கிட்னியையும் பாதிக்கலாம், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே காது டெஸ்ட் எடுத்து வைங்க. ஏவியம்னா எத்தாம்புட்டால்ங்கற மாத்திரையும் வரும், நெறம் மங்கலா தெரியுதுன்னு பிள்ளை சொன்னா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க. ஐவாகாஃப்டர் கலந்த சிஎஃப் மாத்திரை எடுக்கறவங்க ரிஃபாம்பிசின்ங்கற மருந்தை எழுதுனா ஒடனே டாக்டர்கிட்ட சொல்லணும், அது அந்த மாத்திரைய வேலை செய்ய விடாது.