மரிக்கொழுந்துக்கு மாமரம் சொந்தம்

கேள்வி: குளத்துப் பாசி, மொட்டைமாடிப் பாசி, நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசி எல்லாம் ஒரே குடும்பமா? – ஒரு வாசகி, காயல்பட்டினம்.

பதில்: கடலில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரும் பாசியைத்தான் கடல்பாசி என்கிறோம். ஆனால் 'பாசி' என்பது ஒரு குடும்பத்தின் பெயரே இல்லை. 'பறப்பவை' என்றால் காகம், வவ்வால், தும்பி மூன்றும் வந்து சேருமே, அப்படித்தான்.

முப்பது வருஷம் தாவரவியல் நடத்தினேன். வருஷா வருஷம் பிள்ளைகளை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடற்கரைக்குக் கூட்டிப் போவேன். கடல் வற்றும் நேரம் ஒரே பாறையில் இரண்டு பாசிகள் ஒட்டியிருக்கும். கட்டக்கோரை பழுப்பு வகை. மிளகு மாதிரி காற்றுப்பைகள், நசுக்கினால் 'டப்'பென்று உடையும். பக்கத்திலேயே மரிக்கொழுந்துப் பாசி, சீப்புப் பல் போலக் கிளைவிட்டு. இது சிவப்பு வகை. ஆனால் வெயில் படும் இடத்தில் வெளிறிப் பச்சையாகத் தெரியும். பிள்ளைகள் நோட்டில் 'பச்சைப் பாசி' என்று எழுதுவார்கள், நான் அடித்துத் திருத்துவேன். 1836இல் வில்லியம் ஹென்றி ஹார்வி என்ற தாவரவியலாளர் நிறத்தை வைத்தே பாசிகளைப் பிரித்தார். அந்தப் பிரிவு இன்றும் நிற்கிறது. ஆனால் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் நிறமிகளை.

ஒரு காலத்தில் ஒரு செல், ஒளியில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா ஒன்றை விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அதுவே செல்லுக்குள் உணவு தயாரிக்கும் பசுங்கணிகம் ஆனது. சிவப்புப் பாசி, பச்சைப் பாசி, நிலத்துச் செடி மூன்றும் அந்த வழி வந்தவை. கட்டக்கோரையின் முன்னோர் வேறு கிளை; சிவப்புப் பாசி ஒன்றை விழுங்கித்தான் பசுங்கணிகத்தைப் பெற்றார்கள். இரண்டாவது முறை விழுங்கியதில் சவ்வு கூடிய தடயம் இன்னும் இருக்கிறது: மரிக்கொழுந்தின் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வு, கட்டக்கோரையில் நான்கு. ஆக, ஒரே பாறையில் உட்கார்ந்திருக்கும் கட்டக்கோரையைவிட உங்கள் வீட்டு மாமரம்தான் மரிக்கொழுந்துக்கு நெருங்கிய சொந்தம். இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீங்கள் நோன்புக்குக் காய்ச்சுவது அகர் என்ற கூழ்ப்பொருள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற சிவப்பு வகைகளின் செல்சுவரிலிருந்து எடுப்பது. கட்டக்கோரையை எவ்வளவு காய்ச்சினாலும் அகர் கிடைக்காது. அதில் இருப்பது ஆல்ஜினேட் என்ற வேறொரு கூழ்ப்பொருள்.

குளத்தில் பச்சை நூலாக மிதக்கும் ஸ்பைரோகைரா, நிலத்துச் செடிகளுக்கு மிக நெருங்கிய பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. மாடியில் வழுக்கும் கருப்புப் படலம் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, அது பாக்டீரியா.

உங்கள் ஊர்க் கரையில் பட்டையான நீள இலைகள் ஒதுங்கினால் அடிப்பகுதியைப் புரட்டிப் பாருங்கள். வேர் இருந்தால் அது கடற்புல். பூப் பூக்கும் செடி. பாசிக்கு வேர் கிடையாது.