உலையை விற்றவருக்குப் பொறுப்பு இல்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அணுசக்தித் துறைக்கு வந்திருக்கும் புதிய சாந்தி சட்டத்தை நீங்கள் எதிர்ப்பது உணர்ச்சிவசப்பட்டதாகவே தெரிகிறது. அணு விபத்துக்கு நிலையத்தை இயக்குபவர் கொடுத்த இழப்பீட்டை உலை விற்றவரிடம் திருப்பிக் கேட்கலாம் என்ற 2010 அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவால்தான் மகாராஷ்டிரத்தின் ஜைத்தாப்பூர், ஆந்திரத்தின் கொவ்வாடா அணுமின் திட்டங்கள் காகிதத்திலேயே கிடந்தன. உலக வழக்கப்படி இயக்குபவர் மட்டுமே பொறுப்பு. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் வந்தால் சரி, அது யார் பையிலிருந்து வந்தால் என்ன?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

யார் பையிலிருந்து வருகிறது என்பதுதான் என் கவலையே. இந்தியாவில் இன்று ஓடும் அணுமின் நிலையங்கள் எல்லாமே அரசு நிறுவனத்துடையவை. விபத்து நடந்தால் இழப்பீடு அதன் கணக்கிலிருந்து வரும், சட்டம் வைத்த வரம்பைத் தாண்டினால் மத்திய அரசின் கஜானாவிலிருந்து வரும். கடலையும் வீட்டையும் இழந்த மீனவருக்கு அவர் கட்டிய வரியிலிருந்தே இழப்பீடு. பழுதான கருவியை விற்றவர் கையில் விற்ற பணம் அப்படியே இருக்கும்.

யார் தவறு என்று நிரூபிக்காமலே மக்கள் இயக்குபவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்பது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. அது 2010 சட்டத்திலேயே இருந்தது. முதலில் மக்களுக்குப் பணம், அப்புறம் இயக்குபவர் விற்றவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது அந்தச் சட்டம். பழுதான பொருளுக்காக வசூலிக்கும் அந்த உரிமையைத்தான் 2025 டிசம்பரில் சாந்தி சட்டத்தால் எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கேட்கலாமாம். எந்தக் கம்பெனி தானாக முன்வந்து எழுதிக்கொடுக்கும்?

அந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. 2010 மே மாதம் மசோதா வந்தபோது இயக்குபவர் தர வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு 500 கோடி ரூபாய். ஜூன் 7 அன்று போபால் விஷவாயு வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்த வழக்கில் இரண்டு வருடச் சிறை, உடனே ஜாமீன். நாடு கொதித்தது. ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியபோது வரம்பு 1500 கோடி ஆகியிருந்தது. சேதம் விளைவிக்கும் நோக்கம் இருந்தால்தான் விற்றவர் பொறுப்பு என்று அரசு நுழைக்கப் பார்த்த வாசகத்தை பாஜகவும் இடதுசாரிகளும் சேர்ந்து நீக்க வைத்தார்கள். போபாலுக்கு 1989இல் யூனியன் கார்பைடு கம்பெனியிடமிருந்து கிடைத்தது 47 கோடி டாலர். கூடுதல் தொகை கேட்ட மத்திய அரசின் மனுவை 2023இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பற்றாக்குறை இருந்தால் அரசே ஈடுகட்ட வேண்டும் என்றது.

நீங்கள் சொல்லும் உலக வழக்கத்தின் லட்சணம் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தில் தெரிந்தது. அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் கொடுத்த இழப்பீடு 10 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. நம் பணத்தில் 5 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்த உலைகளை வடிவமைத்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஜப்பான் சட்டப்படி ஒரு யென்கூடக் கட்ட வேண்டியதில்லை. நம் புதிய சட்டத்தில், மிகப் பெரிய நிலையத்தை நடத்துபவருக்கே வரம்பு 3000 கோடி ரூபாய்தான்.

திட்டங்கள் முடங்கியதற்கும் அந்தப் பிரிவு மட்டும் காரணமல்ல. கொவ்வாடாவுக்கு உலை தருவதாக இருந்த வெஸ்டிங்ஹவுஸ் 2017இல் திவால் மனு போட்டது. அதே வருடம், அதே சட்டம் அமலில் இருக்கும்போதே, கூடங்குளத்தில் ரஷ்யா தரும் மூன்றாவது உலைக்குக் கான்கிரீட் போட்டார்கள்.

கூடங்குளம் என்றதும் 2013 ஏப்ரல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. முதல் உலை ஓடத் தொடங்குவதற்கு முன், நான்கு வால்வுகளின் பாகங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று சோதனையில் தெரிந்து அவற்றை மாற்றினார்கள். நல்லவேளை, முன்பே தெரிந்தது. ஒரு வால்வு எப்படி வார்க்கப்பட்டது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்பது அதைச் செய்த தொழிற்சாலைக்குத்தான் முழுக்கத் தெரியும். பழுதானால் நம் தலையில் விழும் என்ற பயம் அங்கே இருந்தாக வேண்டும். விபத்துக்குப் பிறகு கிடைக்கும் பணத்தைவிட அந்தப் பயம் எனக்கு முக்கியம்.

இனி வெளிநாட்டு உலைகளுக்குப் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், விற்றவரிடம் வசூலிக்கும் உரிமையை அணுமின் கழகம் எழுதி வாங்க வேண்டும். அந்த ஒப்பந்தங்களை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் இதை நீங்களும் கேளுங்கள்.