மூன்றாம் நாள் மண்வெட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். நான் கடலூர்ப் பக்கத்துச் சிறிய சபை ஒன்றிலிருந்து தான்சானியாவுக்கு ஊழியத்துக்கு வந்தவன். வயது 26. இங்கே வந்து 14 மாதங்கள் ஆகின்றன. விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில், புகோபாவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு மாணவர் விடுதியில் உதவியாளனாக இருக்கிறேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். சந்தைக்குப் போய் வாழைத்தார் பேரம் பேசி வாங்கி வர வேண்டும். மழையில் சேறாகிவிட்ட பாதையில் மோட்டார் சைக்கிளைத் தள்ள வேண்டும். மாலையில் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு முறை மலேரியா வந்து எழுந்தேன். பிரசங்கம் செய்யும் அளவுக்கு ஸ்வாஹிலி இன்னும் வரவில்லை. வழியில் பார்க்கிறவர்கள், "உன் கடை எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வெள்ளைக்காரர் என்றால் மிஷனரி, இந்தியன் என்றால் கடைக்காரன் என்பது இங்கே எல்லோருக்கும் உறுதி.

மாதம் ஒரு முறை சபைக்கு ஜெபக் கடிதம் அனுப்ப வேண்டும். "எத்தனை ஆத்துமாக்கள்?", அதாவது எத்தனை பேரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டு ஒவ்வொரு மாதமும் பதில் வருகிறது. போன மாதம் ஏதாவது ஓர் எண்ணை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். எழுதவில்லை. ஆனால் அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. ஏழைகள் போட்ட காணிக்கையில் வந்து வாழைத்தார் சுமந்துகொண்டிருக்கிறேனா? திரும்பி வந்துவிடட்டுமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

எண்ணை எழுதாதீர்கள். இந்த மாதமும் வேண்டாம், எந்த மாதமும் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

உங்கள் கடிதம் ஒன்பது பக்கம். அதைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். நான் எடுத்துவிட்ட பக்கங்களில்தான் நீங்கள் உண்மையில் இருக்கிறீர்கள். அதில் ஒன்றை மட்டும் மற்ற வாசகர்களுக்காக இங்கே சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் வாரம் ஊரில் ஒரு சாவு. அடக்கம் "சா ந்நே", அதாவது நான்கு மணிக்கு என்றார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாலை நான்கு மணிக்குப் போய் நின்றீர்கள். அடக்கம் காலை பத்து மணிக்கே முடிந்துவிட்டிருந்தது. ஸ்வாஹிலிக்காரர்கள் விடியலிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்கு ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சூரியன் உதிப்பதால் அந்தக் கணக்கு பிசகுவதில்லை. (நம் ஊரில் ஜாதகம் எழுதுகிறவர்கள் உதயாதி நாழிகை என்று எழுதுவதும் இதே எண்ணம்தான். என் தாத்தாவின் பழைய நோட்டில் பார்த்திருக்கிறேன்.) கணவனை இழந்த அந்த அம்மாள் உங்களை உட்காரவைத்து, வேகவைத்த வாழைக்காயும் பயறும் கொடுத்து, "போலே" என்றார். ஒருவர் தடுக்கி விழுந்தாலும், களைத்துப் போனாலும், யாரையாவது இழந்தாலும் சொல்கிற ஆறுதல் சொல் அது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டியதை அவர் உங்களுக்குச் சொன்னார்.

இதை ஜெபக் கடிதத்தில் எழுதினீர்களா? எழுதவில்லை. "ஊழியம் அல்லாத விஷயம்" என்று விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். உங்களோடு எனக்குள்ள சண்டை இதுதான்.

உங்கள் மாவட்டத்திலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் தரங்கம்பாடி. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அங்கே இறங்கியபோது அவருக்கு வயது 23, உங்களைவிட மூன்று வயது இளையவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகினார். இங்குள்ள மக்கள் எந்தெந்தத் தெய்வங்களைக் கும்பிடுகிறார்கள், எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதி, 1713-இல் ஒரு நூலாக்கி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே ஹாலே நகரில் இருந்த மிஷன் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மிஷனரிகளை அனுப்பியது அந்தச் சமயத்தை அகற்றுவதற்கு, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அந்த நூல் சென்னையில் அச்சேறியபோது வருடம் 1867. எழுதியவர் 1719-லேயே, 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். முந்நூறு வருடங்களுக்கு முன் நம் கிராமங்களில் என்னென்ன வழிபாடு இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்று அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள். அனுப்பியவர்கள் கேட்டது வேறு. அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்.

என் சித்தி ஒருவர் கன்னியர் மடத்தில் சேர்ந்து மடகாஸ்கருக்குப் போனார். நாங்கள் புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருந்தோம். கத்தோலிக்கக் குடும்பம். நீங்கள் லுத்தரன், புராட்டஸ்டண்ட் பிரிவு. ஆனால் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தபால்காரரைப் பார்த்து நிற்கிற திண்ணை எல்லாச் சபைக்கும் ஒன்றுதான். நீலநிற விமானத் தபால் தாளில் ஓரம்வரை நெருக்கி எழுதுவார். ஞானஸ்நானக் கணக்கு ஒன்றும் இருக்காது. இங்கே மூன்று வேளையும் சோறுதான் அம்மா, அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அதைக் குடிக்கிறார்கள் என்று ஒரு முறை எழுதியிருந்தார். என் பாட்டி அன்று மாலையே வேண்டுமென்று சோற்றை அடிப்பிடிக்கவிட்டு, அப்படியே செய்து, பக்கத்து வீட்டாருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். கருகல் வாசனையோடு நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மடகாஸ்கரில் புயல் என்று வானொலியில் சொன்னால், யாரும் கூப்பிடாமலே நாலு பேர் வந்து எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்வார்கள்.

உங்கள் சபையார்மீது கோபம் வேண்டாம். வாராவாரம் பிடி அரிசி எடுத்து வைக்கிற பெண்களின் பணத்தில்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். எத்தனை ஆத்துமா என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்க அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. புகோபாப் பக்கத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த முட்டையையும் வாழைத்தாரையும் கோழியையும் கோயில் வாசலில் ஏலம் விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை விட்டுக்கொடுக்காமல் கேட்ட உங்கள் பாட்டியின் நினைவு வந்தது என்றும் எழுதியிருந்தீர்களே, அதை மகளிர் கூட்டத்தில் படிக்கச் சொல்லி அனுப்புங்கள்.

இனி எனக்குப் பிடிக்காத இரண்டு.

முதலாவது, நீங்கள் இணைத்திருந்த உங்கள் முதல் ஜெபக் கடிதத்தில் "இருளில் வாழும் மக்கள்" என்று இருக்கிறது. தம்பி, உலகிலேயே மிகப் பெரிய லுத்தரன் சபைகளில் ஒன்று தான்சானியாவுடையது. உங்கள் ஏரிக்கரையைச் சேர்ந்த பேராயர் ஜோசையா கிபிரா 1977-இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் தலைவரானார். ஆப்பிரிக்காவிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள் அவர். கிளிமஞ்சாரோ அடிவாரத்துக்கு 1893-இல் போன ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடியிலும் வேலை செய்தது. அந்த ஊர் லுத்தரன்களும் நீங்களும் ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். நீங்கள் போயிருப்பது உங்கள் சபையைவிடப் பலமடங்கு பெரிய ஒரு சபையின் வீட்டுக்கு, விருந்தாளியாக. அந்த "இருள்" என்ற சொல்லை இனி எழுதாதீர்கள்.

இரண்டாவது, குளிக்கிற தண்ணீர். விடுதிப் பையன்கள் ஊற்றிலிருந்து உங்களுக்காகத் தண்ணீர் சுமந்து வருகிறார்கள், வேண்டாமென்றாலும் கேட்பதில்லை, கோயிலில் முன்வரிசை நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள் என்கிறீர்கள். முதல் மாதம் சரி. பதினான்காவது மாதமுமா? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்கிறோம். ஸ்வாஹிலியில் இதற்கு இன்னும் நல்ல பழமொழி இருக்கிறது: விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. அவர்கள் கொடுக்கக் கூச்சப்பட்டால் நீங்களே கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பாட்டி ஊர் மேல்பட்டாம்பாக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே மிஷனைத் தொடங்கிய கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிக்கு இடம் கொடுப்பதை ஏற்காமல் அதே லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்து வந்தவர். 1860-களில் டேனிஷ் மிஷன் அவரோடு சேர்ந்துகொண்டது. உங்கள் பாட்டி எந்த வரிசையிலும் உட்காரலாம் என்பதற்காக நடந்த சண்டை அது. அந்தப் பாட்டியின் பேரன் ஏரிக்கரையில் முன்வரிசை நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குருவானவர் அசரியா அங்கே வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துப் பேசினார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். பல வருடங்கள் இதை நம் ஆள் கேட்ட கேள்வியாக மட்டுமே படித்துப் பெருமைப்பட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன். இப்போது அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

"உன் கடை எங்கே?" என்ற கேள்விக்கு ஏன் அவ்வளவு வருத்தம்? நூறு வருடத்துக்கு மேலாக அங்கே குஜராத்திகள் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்கு அங்கே "டூகா" என்றுதானே பெயர், இந்திக்காரர் சொல்லும் அதே "துக்கான்". வெள்ளைக்காரரிடம் அவர்கள் இப்படி வழியில் நிறுத்திக் கேட்பார்களா? சந்தையில் உங்களோடு பேரம் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், வாழைத்தார் வாங்கத் தெரியவில்லை என்று சிரிக்கிறார்கள். கடை இல்லை, விடுதியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நூறாவது முறையும் சொல்லுங்கள். ஸ்வாஹிலியும் அப்படித்தான் வரும்.

திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டீர்கள். மூன்றாவது முறையும் மலேரியா வந்து உடம்பு தாங்காவிட்டால் வந்துவிடுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எண் இல்லை என்ற வெட்கத்தில் வர வேண்டாம். கொசுவலைக்குள் படுங்கள். ஏரியில் இறங்கிக் குளிக்காதீர்கள், அந்தத் தண்ணீரில் நத்தையிலிருந்து வரும் புழு தோல் வழியாக உடம்புக்குள் போய்விடும். உள்ளூர்ப் பையன்கள் குளிக்கிறார்களே என்று பார்க்காதீர்கள்.

இன்னொன்று. விடுதியில் சமைக்கிற பாட்டி "தகா" என்ற சின்ன ஏரி மீனைக் காயவைத்துக் குழம்பு வைக்கிறார், நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் கடலூர் முதுநகர் போயிருந்தபோது துறைமுகத்துக்குப் பக்கத்தில் கருவாடு விற்கிற ஓர் அம்மாவிடம் சொன்னேன். ஏரி மீனில் கருவாடா என்று நம்பவில்லை. உப்புப் போடுகிறார்களா, மணலில் காயவைக்கிறார்களா, வலையில் பரப்புகிறார்களா, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் மறுபடி முதுநகர் போகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து