தாடை முடியும் லேசரும்

கேள்வி: வயது 27, மாநிறம். தாடை முடிக்கு 4 முறை லேசர் செய்தும் திரும்ப முளைக்கிறது. இடையிடையே த்ரெட்டிங்கும் செய்கிறேன். மாதவிடாயும் ஒழுங்கில்லை. பணம் வீண்தானா, டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் த்ரெட்டிங்கை நிறுத்துங்கள், அம்மா! லேசர் ஒளியை வாங்கிக்கொள்வது முடியிலுள்ள கறுப்பு நிறமிதான். முடியை வேரோடு பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்தால் ஒளி எதைச் சுடும்? ஷேவ் செய்யலாம், அடர்த்தியாக வளரும் என்பது வீண் பயம். வளரும் பருவத்திலுள்ள முடிதான் லேசருக்குச் சிக்கும் என்பதால் 6 முதல் 8 முறைகூட ஆகலாம். மாநிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற வகை லேசர் பாதுகாப்பானது. எந்த மெஷின் என்று கேளுங்கள். அப்புறம், மாதவிடாய் பற்றிப் போகிறபோக்கில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருந்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். அடுத்த லேசருக்கு முன்னால் ஹார்மோன் பரிசோதனை செய்துவிடுங்கள்.