ஸனாடு என்ற ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சொகுசு வீடு, ஓய்வு விடுதி என்றால் 'ஸனாடு' என்று பெயர் வைக்கிறார்கள். அளகாபுரி மாதிரி இதுவும் கற்பனை ஊரா? நிஜ ஊர் என்றால் அதற்குச் சொகுசு எப்படி ஒட்டிக்கொண்டது?

கதிர்

அன்புள்ள கதிர்,

நிஜ ஊர்தான். பெயர் ஷாங்டு. பெய்ஜிங்கிற்கு வடக்கே சுமார் 350 கி.மீ. தொலைவில், உள் மங்கோலியப் புல்வெளியில் இருக்கிறது. 1256இல் கட்டத் தொடங்கினார்கள். பிறகு மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் கோடைத் தலைநகரானது. வெளி மதில் பக்கத்திற்கு ஏறக்குறைய 2.2 கி.மீ. கொண்ட சதுரம்.

அங்கே பளிங்கு அரண்மனையும் இருந்தது. ஆனால் வெனிஸ் நகரப் பயணி மார்கோ போலோ தச்சனின் கண்ணோடு விவரிப்பது பூங்காவில் நின்ற மூங்கில் மாளிகையைத்தான். மூன்று சாண் சுற்றளவும் 10 முதல் 15 தப்படி நீளமும் கொண்ட மூங்கில்கள். கணுவுக்குக் கணு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் இரண்டாகப் பிளந்தால் நம் நாட்டு ஓடு போல அரைவட்டமாக வரும். அதுதான் கூரை. மழையில் உளுத்துப்போகாமலிருக்க மெருகுப் பூச்சு. காற்று தூக்கிவிடாமலிருக்க ஒவ்வோர் ஓட்டுக்கும் ஆணி. கட்டடம் முழுவதையும் 200க்கும் மேற்பட்ட பட்டுக் கயிறுகள் இழுத்துப் பிடித்திருந்தன. கான் அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மட்டும் தங்குவார். ஆகஸ்ட் 28 அன்று அவர் கிளம்பியதும் மாளிகையைப் பிரித்துவிடுவார்கள். மூங்கில் வளராத புல்வெளியில், வேண்டிய இடத்தில் எழுப்பி மறுபடி கழற்றக்கூடிய மாளிகை! அதன் உண்மையான செல்வம் இந்தக் கைவேலைதான் என்பேன்.

1613இல் ஆங்கிலேயர் சாமுவேல் பர்ச்சஸ் தம் பயணத் தொகுப்பில் இந்த ஊரை 'ஸாம்டு' என்று எழுதினார். 16 மைல் நிலத்தை மதில் சூழ்ந்திருந்தது, நடுவே 'இடம்விட்டு இடம் கொண்டுபோகக்கூடிய' இன்ப மாளிகை இருந்தது என்றார். அதைப் படித்த ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 'குப்ளா கான்' கவிதையை எழுதினார், அச்சானது 1816இல். ஊர்ப் பெயரில் ஓர் அசை கூடி 'ஸனாடு' ஆயிற்று, 16 மைல் பத்தாயிற்று, மாளிகை இன்பக் குவிமாடமானது. கழற்றி மாட்டும் செய்தி மட்டும் காணாமல்போனது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அந்த ஒரு விவரம் இருந்திருந்தால் சொல்லின் பொருளே வேறு பக்கம் போயிருக்கலாம்.

1941இல் 'சிட்டிசன் கேன்' படம் வந்தது. அதில் கோடீஸ்வரனின் மாளிகைக்குப் பெயர் ஸனாடு. வாங்கிக் குவித்த சிலைகளும் பிரிக்காத பெட்டிகளும் அடைந்து கிடக்கும் வீடு. நீங்கள் பார்க்கும் விடுதிப் பெயர்கள் இந்தக் கவிதையும் படமும் வழியாக வந்தவை; ஷாங்டுவிலிருந்து நேரே வந்தவை அல்ல.

ஊரைப் பார்க்க வேண்டுமானால் இன்றும் போகலாம். 2012 முதல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். மதில்களும் அடித்தளங்களும் எஞ்சியிருக்கின்றன.