சிகிச்சை இலவசமாக இருந்தும் ஏழை மக்கள் வராதது ஏன்?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் ஆலோசனையும் மருந்தும் இலவசம். ஆனாலும் அருகிலுள்ள ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள் குறைவு. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள்கூட இரண்டு மூன்று முறை வந்தபின் நின்றுவிடுகிறார்கள். விழிப்புணர்வு முகாம்களை அதிகப்படுத்தலாமா?

பதில்: முகாம்களைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், மக்கள் எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறார்கள் என்பதைக் கண்டறியுங்கள். நோயாளிகள் வராதபோது அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்ற முடிவுக்கு நிர்வாகங்கள் மிக விரைவாக வந்துவிடுகின்றன. பழி நோயாளியின் மேல் விழுந்துவிடுவதால், நிறுவனம் தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே எழுவதில்லை. இரண்டு மூன்று முறை வந்துபோனவருக்குத் தம் நோயும் தெரியும், உங்கள் மருத்துவமனைக்கு வரும் வழியும் தெரியும். அவரைத் தடுத்தது வேறொன்று.

வேல்ஸ் பகுதியின் சுரங்கக் கிராமமொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் கிடைக்கும் வாய்ப்பு மக்களின் தேவைக்கு நேர்மாறாகவே அமைகிறது என்று 1971இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அவர் இதை எழுதியதோடு நிற்கவில்லை. தம்மைத் தேடி வந்தவர்களை மட்டும் பார்க்காமல், தம் பொறுப்பிலிருந்த மக்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளக்க முனைந்தார். உங்கள் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மருத்துவமனை நன்றாக நடப்பதாகவே தோன்றும். பதிவேட்டில் இல்லாதவர்கள் யார் என்று கேட்கும்போதுதான் உண்மை நிலை புலப்படும்.

அதைக் கேட்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. 1978இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் தனஹாஷி என்ற ஆய்வாளர் மருத்துவச் சேவை மக்களைச் சென்றடைவதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். சேவை இருக்க வேண்டும், எட்டும் தொலைவில் இருக்க வேண்டும், ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும், மக்கள் அதைப் பயன்படுத்த வேண்டும், இறுதியில் அது பலன் தர வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்துபோகிறார்கள். கடந்த ஓராண்டில் வருகையை நிறுத்தியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் வீடுகளுக்கே சென்று, குற்றம் சாட்டும் தொனியின்றிக் காரணம் கேளுங்கள். எந்தப் படியில் அதிகம் பேர் உதிர்கிறார்களோ, உங்கள் பணமும் உழைப்பும் முதலில் அங்கேதான் செல்ல வேண்டும்.

அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவருக்கு இலவச மருத்துவமும் செலவுதான் என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். காலையில் வந்து வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். பேருந்துக் கட்டணம் உண்டு, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காசநோயால் ஒரு குடும்பத்துக்கு ஏற்படும் சுமையை உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடும்போது, மருந்துச் செலவோடு பயணச் செலவையும் இழந்த வருமானத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தத் தொகை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பேரிடர்ச் செலவு என்கிறது. ஆகவே வாரத்தில் சில நாட்களாவது மாலையில் மருத்துவமனையைத் திறந்து வையுங்கள். பரிசோதனை, ஆலோசனை, மருந்து மூன்றும் ஒரே வருகையில் முடிய வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை மருத்துவரின் ஒப்புதலோடு ஒன்றாகவே கொடுத்துவிடலாம். வரவேற்பு மேசையில் ஒருமையில் அதட்டப்பட்டவர் திரும்பி வரமாட்டார் என்பதையும் ஊழியர்களுக்கு உணர்த்துங்கள்.

அடுத்து, வீடு தேடிச் செல்லும் பணியாளர்கள். பிரேசிலில் 1994இல் தொடங்கிய குடும்ப நலத் திட்டத்தில் மருத்துவர், செவிலியர் ஆகியோரோடு சமூக நலப் பணியாளர்களும் ஒரே குழுவில் இயங்குகிறார்கள். ஒவ்வொரு பணியாளரிடமும் ஏறத்தாழ 150 குடும்பங்கள் ஒப்படைக்கப்பட்டு, யாருக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை அவ்வீடுகளுக்கு அவர் சென்று வருவது நடைமுறை. நீங்களும் அந்தக் குடியிருப்புகளில் வாழும் ஒருவரையோ இருவரையோ தேர்ந்து பயிற்சி கொடுக்கலாம். ஆனால் இதைத் தொண்டாகக் கருதி ஊதியமின்றி விட்டுவிடாதீர்கள். வேலைக்கு ஏற்ற ஊதியம் தர வேண்டும் என்றும், ஊக்கத்தொகையை மட்டுமே ஊதியமாக்கக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்துள்ளது. முகாம் நடத்துவதும் இவர்கள் இருந்தால்தான் பொருளுடையதாகும். நோயைக் கண்டறிந்துவிட்டு, தொடர்ந்து கவனிக்க ஆளில்லாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அச்சத்தை மட்டுமே கொடுத்து அனுப்புவதாகும்.

சில வேளைகளில் தடை மருத்துவத்துக்கு வெளியே இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1960களில் மருத்துவர் ஜாக் கைகர் நடத்திய நல மையம், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே உணவை எழுதிக் கொடுத்து, மருந்துக்கான நிதியிலிருந்து அதற்குப் பணம் செலுத்தியது. பாதுகாப்பான குடிநீருக்காகக் கிணறுகளும் தோண்டியது. சிறிய மருத்துவமனையால் இவ்வளவும் இயலாது. ஆனால் உணவு உதவிக்கும் அரசின் நலத்திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கத் துணைநிற்கும் ஒரு ஊழியரை நியமிக்க இயலும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர் வேளைக்கு உண்ண வழியில்லாதவராக இருந்தால், அந்த மருந்தே அவருக்கு ஆபத்தாகிவிடும்.

உங்கள் நிர்வாகக் குழுவில் அந்தக் குடியிருப்பு மக்களுக்கு இடம் உண்டா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் கூட்டரசு நிதி பெறும் சமூக நல மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 விழுக்காட்டினர் அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் இரண்டு பேரோடு தொடங்கலாம். ஒருவரை மட்டும் அமர்த்தினால் அவர் பேசத் தயங்குவார். கூட்டத்தை அவர்களுடைய வேலை நேரத்தில் வைத்தால் அவர்கள் வரவே இயலாது. மருத்துவமனை திறக்கும் நேரத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவர்களை முதலில் அழையுங்கள்.