மாமாவின் பழைய ஜெனித் கேமரா லென்ஸை சோனி ஏ6400-ல் மாட்டிப் படம் எடுக்க முடியுமா? முடிந்தால் புது 50 எம்எம் வாங்காமல் சமாளிக்கலாமா?

மாட்டலாம். சமாளிக்க முடியாது. இரண்டு வயதுக் குழந்தையைப் படம் எடுக்கத்தான் லென்ஸ் தேடுகிறேன் என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற குழந்தைக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டும். அதற்குப் புது 50 எம்எம்மை வாங்கிவிடுங்கள். அதற்காக மாமாவின் லென்ஸை மறுபடி பரணில் ஏற்ற வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய லென்ஸ் படத்தில் தெரிவது ஹீலியோஸ் 44-2. 58 எம்எம், எஃப்/2 (எஃப் எண் லென்ஸின் திறப்பு அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது). 1930-களில் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் செய்த பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பை எடுத்து, போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்தில் செய்தது. ஜெனித்-இ கேமராவோடு சேர்ந்தே விற்றதால் உலகம் முழுக்க இறைந்து கிடக்கிறது. லென்ஸில் உள்ள வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் செய்த வருடம். 78 என்று தொடங்கினால் 1978.

இது எப்படி சோனியில் உட்காருகிறது என்றால், எல்லாம் தூரக் கணக்குதான். லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு நிலையான தூரம் உண்டு. ஜெனித்தின் எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ. சோனி இ-மவுண்டுக்கு வெறும் 18. நடுவில் மிஞ்சும் 27.46 மி.மீ.-ஐ நிரப்புகிற உலோகக் குழாய்தான் அடாப்டர். அதில் கண்ணாடியும் இல்லை, சிப்பும் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. விலை குறைந்ததே போதும். கொஞ்சம் தடிமன் கூடிவிட்டால் மட்டும் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது. வந்ததும் மொட்டை மாடியில் நின்று தூரத்தில் உள்ள செல்போன் டவரைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் அவருடைய நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டிப் பார்க்கலாம் என்றாராம். வேண்டாம். நிக்கானின் தூரம் 46.5 மி.மீ., எம்42-ஐ விட அதிகம். லென்ஸ் ஏற்கெனவே இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னால் தள்ளி நிற்கும். தூரக் காட்சி கிடைக்க வேண்டுமென்றால் கண்ணாடி வைத்த அடாப்டர் போட வேண்டும், அது படத்தைக் கெடுக்கும். கேனான் டிஎஸ்எல்ஆர் என்றால் 44 மி.மீ., அதில் ஒரு மெல்லிய வளையமே போதும்.

கேமராவில் மாற்ற வேண்டியவை. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் அமைப்பு ஒன்று மெனுவில் இருக்கும், அதை இயக்குங்கள். இல்லையென்றால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் கேமரா அசையாது, ஏனென்றால் அதன் கணக்கில் முன்னால் லென்ஸே இல்லை. பிறகு ஏ மோட். அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் திறப்பை, லென்ஸில் நீங்கள் திருப்புவீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓவில் விட்டால் ஷட்டர் வேகம் 1/60 வினாடியிலேயே நிற்கப் பார்க்கும். ஏ6400-ல் பாடிக்குள் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, 58 எம்எம் உங்கள் சென்சாரில் 87 எம்எம் போலத்தான் தெரியும். அதனால் ஆட்டோ ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்று வைத்துவிடுங்கள்.

லென்ஸில் அபர்ச்சருக்கு இரண்டு வளையம் இருப்பதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். ஒன்று எண்ணைத் தீர்மானிக்கும். இன்னொன்று முழுத் திறப்புக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே தடையில்லாமல் போய்வரும். திறந்து ஃபோகஸ் பார்த்துவிட்டு, மூடிப் படம் எடுக்க அந்தக் காலத்து ஏற்பாடு. உங்கள் சோனி மாதிரி மிரர்லெஸ்ஸில் வ்யூஃபைண்டர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுவதால் அந்த இரண்டாம் வளையத்தை மறந்தும்விடலாம்.

இனி ஃபோகஸ். யூடியூபில் எல்லோரும் ஃபோகஸ் ஆன விளிம்பை வண்ணக் கோட்டால் காட்டும் பீக்கிங்கைப் போடு, சிவப்புக் கோடு வந்தால் எடு என்பார்கள். எஃப்/8-க்கு அது சரி. எஃப்/2-ல் அதை நான் நம்புவதில்லை. பீக்கிங் தேடுவது கான்ட்ராஸ்ட் உள்ள விளிம்பை. முகத்தில் கண்ணைவிட மூக்குக்கண்ணாடி ஃப்ரேமும் மீசையும் அதற்கு நன்றாகத் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/2-ல் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்கூடத் தேறாது. மூச்சு விட்டாலே உடம்பு அதற்குமேல் ஆடும்.

நான் செய்வது இது. ஃபோகஸ் மேக்னிஃபையரை ஒரு கஸ்டம் பட்டனில் வைத்திருக்கிறேன். பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். பட்டனை அழுத்தினால் இமை மயிர் மட்டும் திரை நிறைய வரும். வளையத்தை மெதுவாகத் திருப்பினால், கன்னச் சுருக்கத்தில் இருந்த தெளிவு கண்ணுக்கு நகர்வது கண்ணெதிரே தெரியும். அங்கே வளையத்தை விட்டுவிட்டு, என் தலையை ஒரு நூல் முன்னும் பின்னும் அசைத்து மூன்று நான்கு படம் தொடர்ந்து எடுப்பேன். அதில் ஒன்று விழும். காது கரைந்து போயிருக்கும், விரலில் இருக்கும் கீரை வெறும் பச்சையாக இருக்கும், கண் மட்டும் நிற்கும். ஹீலியோஸை வைத்திருப்பது இந்த மாதிரிப் படத்துக்குத்தான்.

அப்புறம் அந்தச் சுழல் பொக்கே, அதாவது சுழல்வது போல மங்கும் பின்னணி. இந்த லென்ஸின் பேரே அதனால்தான் ஓடுகிறது. பின்னணி இலைகள் வட்டமாகச் சுற்றுவது போலத் தெரியும் விளைவு படத்தின் ஓரங்களில்தான் உருவாகிறது, உங்கள் கேமராவின் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வெட்டி எறிவதும் அந்த ஓரங்களைத்தான். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரில் எடுத்த படங்களைப் பார்த்து எதிர்பார்ப்பை ஏற்றிக்கொண்டால் ஏமாறுவீர்கள். உங்களுக்கு முழுசாகக் கிடைப்பது ஃப்ளேர். பழைய கோட்டிங் என்பதால் எதிர் வெயிலில் படம் பால் ஊற்றியது போல வெளுக்கும். பிடித்தால் விட்டுவிடுங்கள், பிடிக்காவிட்டால் வெயிலை மறைக்கும் 49 எம்எம் ஹூட் ஒன்று.

அடாப்டர் ஆர்டர் போடுவதற்கு முன் டார்ச் சோதனை. அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். தூசி எப்படியும் தெரியும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். கிளை கிளையாக மெல்லிய நூல் ஓடியிருந்தால் ஃபங்கஸ். நம் ஊர் ஈரத்தில் மூடிய தோல் பையில் பல வருடம் கிடந்த லென்ஸுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் சர்வீஸுக்குக் கொடுங்கள், கூடவே ஃபோகஸ் வளையத்தின் காய்ந்த கிரீஸையும் மாற்றச் சொல்லுங்கள். அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்கினால் பதற வேண்டாம். தானியங்கி அபர்ச்சர் லென்ஸில்தான் அது தொல்லை, இதில் தகடுகளை நகர்த்துவது உங்கள் கைதான்.

சுத்தம் செய்த பிறகு மறுபடி அந்தத் தோல் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட், முடிந்தால் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் காட்டினால் சரி. லென்ஸைக் கழற்றிய கையோடு ஜெனித்தை எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம். அது ஜெனித்-இ என்றால் பேட்டரியே கேட்காத கேமரா, ஷட்டர் ஓடுகிறது என்றால் ஒரு ரோல் போட்டுப் பார்க்கலாம்.